கண்ணாடித் தொட்டி மீன்கள்: இரையும் நீர்த்தெளிவும்

(படிப்பு வட்டத்திற்குரிய பாடம்)

தறியில் இழை எங்கே அறும், வயலில் பயிர் எப்போது வாடும் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாள்தோறும் பார்த்துப் பழகிய கண் அதனைத் தானே கண்டுகொள்ளும். ஆனால் மீன் தொட்டி நம்மில் பலர்க்குப் புதிய பொருள். அதில் வாடுவது எது, அறுவது எது என்பது கண்ணுக்குப் புலப்படுவதற்குள் மீன்கள் மிதக்கத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே, பல இன மீன்கள் கூடி வாழும் ஒரு சிறு தொட்டியில் இரையிடும் முறையையும், நீரைத் தெளிவாக வைத்திருக்கும் முறையையும் இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

இப்பாடத்தை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறேன். தவளக்குப்பத்துக்கு அருகில் பொதுப் படிப்பகம் ஒன்றில், பத்திரிகை படிக்க வருவோரும் மாலையில் வரும் சிறுவர்களும் கண்டு மகிழ வேண்டுமென்று சிலர் பணம் சேர்த்து ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வைத்தோம். அவர்களுள் நானும் ஒருவன். பன்னிரண்டு மீன்கள் விடப்பட்டன. பத்தே நாட்களில் நீர் பால்போல் வெளுத்தது. அடுத்த வாரத்திற்குள் எட்டு மீன்கள் இறந்தன. விற்றவர் நோயுற்ற மீனைக் கொடுத்துவிட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். தொட்டியைக் காலி செய்து, மணலையும் வடிகட்டும் பஞ்சையும் சலவைத் தூள் இட்டுத் தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்பி, மீண்டும் மீன் வாங்கி விட்டோம். அவையும் இறந்தன. பின்னர் விசாரித்ததில், காலையில் கதவு திறப்பவர் ஒருமுறை, பத்திரிகை போடும் பையன் ஒருமுறை, பிற்பகலில் இரு பெரியவர்கள், மாலையில் சிறுவர்கள் என நாளொன்றுக்கு ஐந்து கைகள் இரையிட்டு வந்தது தெரிந்தது. ஒவ்வொருவரும் தாம் மட்டுமே இடுவதாக நினைத்திருந்தனர். மீன்கள் பசியால் இறக்கவில்லை. அன்பின் மிகுதியால் இறந்தன. இரண்டாம் முறை நேர்ந்த இழப்புக்கோ எங்கள் அறியாமையே முழுக் காரணம். அஃது எவ்வாறு என்பதைப் பின்னர்க் காண்போம்.

1. சிறு வரலாறு

கண்ணாடிக்குள் மீனை நெடுநாள் உயிருடன் வைத்திருக்கலாம் என்பதை முறைப்படி ஆராய்ந்தவர்களுள் ஒருவர் இராபர்ட் வாரிங்டன் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர். 1850-ஆம் ஆண்டில் அவர் தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் ஒரே கலத்தில் வைத்தார். செடியின் அழுகிய இலைகளால் நீர் கெடுவதைக் கண்டு, அவற்றைத் தின்பதற்கு நத்தைகளையும் சேர்த்தார். மீன், செடி, கழிவைத் தின்னும் உயிர் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. 1853-ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் மனை திறக்கப்பட்டது. நம் பக்கத்தில், சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டு கடல்வாழ் உயிர்களுக்கான காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. புதுச்சேரியில் 1826-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்காவின் மீன் காட்சியகத்தைச் சிறுவயதில் கண்டு வியந்தவர் நம்மில் பலர் உண்டு.

2. தொட்டியும் அதன் கொள்ளளவும்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி முழுவதும் நிரம்பினால் ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். மணலுக்கும் மேல்விளிம்பின் இடைவெளிக்கும் கழிவு போக, நிகரமாக நிற்கும் நீர் 45 லிட்டர் என்று கொள்ளலாம். இக்கணக்கை அங்கத்தினர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இனி வரும் அளவுகள் யாவும் இதனையே அடிப்படையாகக் கொண்டவை.

முழு வளர்ச்சி அடைந்த மீனின் நீளத்தில் ஓர் அங்குலத்திற்கு நான்கு லிட்டர் நீர் என்பது சிறு மீன்களுக்குப் பழக்கத்தில் உள்ள விதி. அதன்படி நம் தொட்டிக்கு ஏறத்தாழ 12 அங்குல நீள மீன்கள் போதுமானவை. ஒன்றரை அங்குலம் வளரும் கப்பி நான்கும், இரண்டு அங்குலம் வளரும் பிளாட்டி மூன்றும் சேர்ந்தால் கணக்கு நிரம்பிவிடும். இவ்விரண்டும் குட்டி போடும் இனங்கள், மாதந்தோறும் பெருகக்கூடியவை. ஆகவே ஆண் மீன்களை மட்டும் விடுதல் நலம். கடினத்தன்மை மிகுந்த நீரையும் இவை தாங்கும். கடலை அடுத்த நம் ஊர்ப் பகுதியில் ஆழ்குழாய் நீர் பல இடங்களில் கடினமாகவும், சில இடங்களில் உவர்ப்பாகவும் இருப்பதால், இவ்வினங்கள் நமக்குப் பொருத்தமானவை.

தங்கமீன் பார்வைக்கு அழகியது. ஆயினும் அது பெரிதாக வளர்வது, மிகுதியாகத் தின்பது, மிகுதியாகக் கழிப்பது. இத்தொட்டி அதற்குப் போதாது. ஏஞ்சல் மீன் வளர்ந்தபின் சிறு மீன்களை விழுங்கும். புலிக்கெண்டை எனப்படும் டைகர் பார்ப் பிற மீன்களின் நீண்ட துடுப்புகளைக் கடிக்கும். சண்டைமீன்களில் ஆண்கள் இரண்டை ஒருங்கே விட்டால் ஒன்றே எஞ்சும். கூடி வாழும் இயல்புள்ளவற்றைத் தேர்ந்தெடுப்பதே கூட்டுத் தொட்டியின் முதல் விதி.

3. கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள்

மீன் தான் உண்ட புரதத்திலிருந்து உண்டாகும் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகத் தன் செவுள்களின் வழியே நீரில் விடுகிறது. தின்னப்படாமல் அடியில் அழுகும் இரையும் அம்மோனியாவையே தருகிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. ஆற்றிலும் ஏரியிலும் நீரின் பெருக்கத்தால் அது கரைந்து போகும். 45 லிட்டரில் அதற்குப் போக்கிடம் இல்லை.

ஆனால் இயற்கை இதற்கொரு வழி வைத்திருக்கிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் கொடிய நஞ்சே. நைட்ரேட்டோ மிகுதியாகச் சேர்ந்தால் அன்றித் தீங்கு செய்வதில்லை. வயல் மண்ணிலும் இதே வேலை நடைபெறுவதை உழவர் அறிவர். எருவிலுள்ள சத்தைப் பயிர் உண்ணும் வடிவாக்குவதில் இவ்வினத்தவர்க்குப் பங்குண்டு. 1890-ஆம் ஆண்டையொட்டி ருஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி இவற்றைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார்.

இந்நுண்ணுயிர்கள் மணலிலும், வடிகட்டியின் பஞ்சிலும், கண்ணாடியின் மேலும் ஒட்டி வாழ்கின்றன. நீரில் மிதப்பவை சிலவே. புதுத் தொட்டியில் இவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீன்களின் எண்ணிக்கையும் இரையும் மிகக் குறைவாக இருத்தல் வேண்டும். முதலில் இரண்டு மீன்களை விட்டு, மூன்று வாரம் கழித்து மேலும் இரண்டு, பின்னர் மற்றவை எனச் சேர்ப்பதே முறை.

படிப்பகத் தொட்டியின் இரண்டாம் இழப்பு இப்போது விளங்கும். மணலையும் பஞ்சையும் சலவைத் தூளால் தேய்த்தபோது இவ்வேலையாட்கள் அனைவரையும் நாங்களே கொன்றுவிட்டோம். பார்வைக்குத் தூய்மையான அத்தொட்டியில் அம்மோனியாவை மாற்ற ஒருவரும் எஞ்சவில்லை.

4. இரை எவ்வளவு?

இது பாடத்தின் உயிர்நிலையான பகுதி. நாம் மேலே கூறிய ஏழு மீன்களின் மொத்த எடை ஏறத்தாழ 4 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வளர்ந்த சிறு மீனுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு உலர்ந்த இரை போதுமானது. 4 கிராமுக்கு நூற்றுக்கு மூன்று என்பது 0.12 கிராம். அதாவது ஒரு கிராம் இரை ஏழு மீன்களுக்கும் எட்டு நாட்களுக்குப் போதும்! 50 கிராம் டப்பா ஒன்று ஓராண்டுக்கும் மேல் வரும். மூடி திறந்த இரை அத்தனை மாதம் கெடாமல் இராது. ஆதலால் சிறிய டப்பாவாக வாங்குவதே சிக்கனம்.

இனி மிகையான இரையின் தீங்கைக் கணக்கிடுவோம். நூற்றுக்கு 40 பங்கு புரதமுள்ள இரை ஒரு கிராமில் 400 மில்லிகிராம் புரதம் உண்டு. புரதத்தில் நூற்றுக்கு 16 பங்கு நைட்ரஜன். ஆகவே 64 மில்லிகிராம். இது முழுவதும் அழுகி 45 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 1.4 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் சேரும். நீரின் பி.எச். எண் 7 ஆகவும் வெப்பம் 30 பாகையாகவும் இருந்தால், இதில் நச்சு வடிவில் இருப்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பி.எச். எண் 8 ஆனால் அது ஏறத்தாழ பத்து மடங்காகப் பெருகி, நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்காகிறது. அந்நிலையில் நச்சு அம்மோனியா லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தொடும். இது மீனின் செவுளைப் புண்ணாக்கப் போதுமானது. நம் கடின நீரில் பி.எச். எண் பெரும்பாலும் 7-க்கு மேலேதான் நிற்கும். நம் வெப்பமோ ஆண்டில் பல மாதம் 28 முதல் 30 பாகை. ஆகவே குளிர்நாட்டாரைக் காட்டிலும் நமக்கு எச்சரிக்கை மிகுதியும் வேண்டும்.

இதிலிருந்து பெறப்படும் விதிகள் வருமாறு:

(அ) நாளொன்றுக்கு ஒருமுறை, மிகுந்தால் இருமுறை. இருமுறை இட்டால் ஒவ்வொரு முறையும் பாதியளவே இடல் வேண்டும்.

(ஆ) இரண்டு மூன்று நிமிடத்திற்குள் தின்று முடிக்கும் அளவே சரியான அளவு. அடியில் ஒரு துகளேனும் விழுந்து கிடந்தால் மறுநாள் குறைக்க வேண்டும்.

(இ) வாரத்தில் ஒருநாள் இரையிடாமல் விடலாம். நலமுள்ள வளர்ந்த மீன் ஒரு வாரம் இரையின்றியும் வாழும். வெளியூர் செல்வோர் அண்டை வீட்டாரிடம் டப்பாவையே கொடுத்துவிட்டுச் செல்வது பெரும்பாலும் துன்பத்தில் முடிகிறது. நாளுக்கொன்றாகச் சிறு காகிதப் பொட்டலம் கட்டிக் கொடுத்துச் செல்லுங்கள்.

(ஈ) கண்ணாடியருகே வந்து வாயைத் திறந்து மூடும் மீன் பசித்திருக்கிறது என்று எண்ண வேண்டாம். ஆள் வந்தால் இரை வரும் என்று அது பழகியிருக்கிறது, அவ்வளவே. ஆனால் எல்லா மீன்களும் மேல்மட்டத்தில் நின்று நீர்ப்பரப்பை மொய்த்துக்கொண்டிருந்தால், அது மூச்சுத் திணறலின் அறிகுறி. அந்நேரத்தில் இரையிடுவது எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றுவது போலாகும்.

5. எந்த இரை?

கடையில் விற்கும் மென்தகடு இரையும் சிறு குருணை இரையும் அன்றாடப் பயனுக்கு ஏற்றவை. மீனின் வாய் சிறிதாயின் விரலால் நொறுக்கி இடுக. வாரம் ஒருமுறை அவித்து மசித்த பசலைக்கீரை நுனியளவு கொடுக்கலாம். கப்பியும் பிளாட்டியும் தாவர உணவையும் விரும்புபவை. உழவர் வீட்டு எருக்குழியில் கிடைக்கும் மண்புழுவைக் கழுவி, மிக நுண்ணியதாக அரிந்து எப்போதேனும் இடலாம்.

கோயில் குளத்தில் பொரி போட்டுப் பழகிய நாம், தொட்டியிலும் பொரி, சோறு, ரொட்டித் துண்டு ஆகியவற்றைப் போடத் துணிகிறோம். குளம் பெரியது, அதிலுள்ள நீரும் உயிரும் அதனைத் தாங்கும். 45 லிட்டரில் மாப்பொருள் ஊறிக் கரைந்து, ஒரே இரவில் நீரைக் கலக்கிவிடும்.

உயிருள்ள இரையில் செம்புழுவும் கொசுப்புழுவும் பெயர்பெற்றவை. செம்புழு சாக்கடைச் சேற்றில் விளைவது. ஓடும் நீரில் பலமுறை அலசாமல் இடலாகாது. கொசுப்புழுவைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியுள்ளது. மீனுக்கென்று வீட்டில் தண்ணீர்ச் சட்டி வைத்துக் கொசுப்புழு வளர்ப்போர் உளர். நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஒருநாள் மறந்தால் தெருவுக்கே நோய் வரும். யானைக்கால் நோயினால் புதுச்சேரி நெடுங்காலம் துன்புற்றது. நோய்பரப்பும் உயிர்களைக் கட்டுப்படுத்துவதற்கான ஆராய்ச்சி மையம் 1975-ஆம் ஆண்டில் இங்கேயே நிறுவப்பட்டது. 1981 முதல் 1985 வரை நகரில் கொசுவைக் கட்டுப்படுத்தும் பெருந்திட்டம் ஒன்றையும் அது நடத்தியது. அத்தகைய ஊரில் ஏழு மீன்களுக்காகக் கொசு வளர்ப்பது தகாது.

6. நீர் கலங்கும் வகைகள்

நீரின் நிறம் காரணத்தைச் சொல்லும். அதனை அறிந்து மருந்து தேடல் வேண்டும்.

மண்நிறக் கலங்கல்: புதுத் தொட்டியில் மணலைச் சரியாகக் கழுவாததால் வருவது. கழுவிய நீர் தெளிந்து வரும்வரை மணலை அலசியிருந்தால் இது வராது. ஓரிரு நாளில் தானே படியும்.

பால்நிறக் கலங்கல்: மிகையான இரையை உண்டு, நீரில் மிதந்து பெருகும் நுண்ணுயிர்க் கூட்டத்தால் வருவது. இவை நீரிலுள்ள பிராணவாயுவையும் உண்டுவிடும். இரண்டு நாள் இரையை நிறுத்துக. அடியிலுள்ள அழுக்கை உறிஞ்சி எடுத்து நான்கிலொரு பங்கு நீரை மாற்றுக. காற்றுக்குழாயை நன்கு இயக்குக. தொட்டி முழுவதையும் கழுவத் தொடங்காதீர்கள்.

பச்சைநிறக் கலங்கல்: நுண்பாசியால் வருவது. வெயிலும் மிகுந்த நைட்ரேட்டும் சேர்ந்தால் பாசிக்கு விருந்து. திண்ணையிலும் கிழக்குச் சன்னலோரத்திலும் வைத்த தொட்டிகள் இவ்வாறு பச்சையாவதைக் காணலாம். இடத்தை மாற்றுக, மின்விளக்கை நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரத்திற்கு மேல் எரியவிடாதீர்கள், மூன்று நாள் துணியால் மூடி வைத்தால் பெரும்பகுதி நீங்கும். ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா போன்ற நீர்ச்செடிகளை வளர்த்தால் அவை பாசியின் உணவைத் தாம் எடுத்துக்கொள்ளும்.

தேநீர்நிறம்: தொட்டியிலிட்ட மரக்கட்டை, இலைகளின் சாறு. பெரும்பாலும் தீங்கற்றது, நீர் மாற்ற மாற்றக் குறையும்.

குடிநீரைத் தெளியவைக்க நம் முன்னோர் தேற்றாங்கொட்டையை இழைத்தனர், படிகாரத்தையும் சுழற்றினர். அவ்வழக்கத்தை எண்ணித் தொட்டியிலும் அவற்றை இடுவோர் உண்டு. அவை மிதக்கும் துகளைத் திரட்டிப் படியச் செய்யும், அம்மோனியாவை நீக்கா. படிகாரம் நீரின் பி.எச். எண்ணைக் குறைத்து மீனின் செவுளையும் தாக்கக்கூடும். இவ்விடத்தில் முதன்மையான ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும்: பளிங்குபோல் தெளிந்த நீரிலும் அம்மோனியா இருக்கக்கூடும், அது நிறமற்றது. ஆதலால் கண்ணை மட்டும் நம்பாமல், மீன் விற்கும் கடைகளில் கிடைக்கும் சோதனைத் துளிமருந்தால் மாதம் ஒருமுறையேனும் நீரைச் சோதித்தல் நன்று. முதல் ஆறு வாரத்தில் வாரம் இருமுறை சோதிக்க வேண்டும்.

7. வாரந்தோறும் செய்யும் பணி

(1) மின்கருவிகளின் இணைப்பை முதலில் நீக்குக.

(2) நீண்ட ரப்பர்க் குழாயில் நீர் நிரப்பி, ஒருமுனையை மணலின்மேலும் மறுமுனையைத் தாழ வைத்த வாளியிலும் விட்டு, அடியிலுள்ள கழிவோடு 10 முதல் 12 லிட்டர் நீரை வெளியேற்றுக. குழாயை வாயால் உறிஞ்சுதல் கூடாது.

(3) வடிகட்டியின் பஞ்சு அடைபட்டிருந்தால், வெளியேற்றிய அந்நீரிலேயே மெல்லப் பிழிந்து அலசுக. குழாயடியில் கழுவினால் அந்நீரிலுள்ள குளோரின் நம் வேலையாட்களைக் கொன்றுவிடும்.

(4) புதிதாக ஊற்றும் நீரை அகன்ற வாளியில் ஒருநாள் திறந்து வைத்திருந்தால் சாதாரணக் குளோரின் நீங்கிவிடும். அவசரமாயின் குளோரின் நீக்கும் மருந்தைக் குறித்த அளவில் சேர்க்கலாம். புதுநீரின் வெப்பம் தொட்டி நீரை ஒத்திருக்க வேண்டும்.

(5) பஞ்சு மாற்றும் வாரத்தில் மணலைக் கிளறாதீர்கள். மணலைத் துப்புரவு செய்யும் வாரத்தில் பஞ்சைத் தொடாதீர்கள்.

(6) வெளியேற்றிய நீரைக் கொட்டிவிடாமல் கீரைப் பாத்திக்கோ தென்னங்கன்றுக்கோ ஊற்றுக. அதிலுள்ள நைட்ரேட் பயிருக்கு உணவு.

8. நெசவாளரும் உழவரும் சிறப்பாகக் கவனிக்க வேண்டுவன

நெசவாளர் வீட்டில் நூலுக்கிடும் கஞ்சி எப்போதும் கையிலும் துணியிலும் இருக்கும். கஞ்சி போகாத துணியை வடிகட்டியாக வைத்தால் நீர் வெளுக்கும். சாயத் தொட்டிக்கும் வெளுப்புத் தூள் கையாளும் இடத்திற்கும் அருகில் மீன் தொட்டி இருத்தலாகாது. சாயமிட்ட கையைத் தொட்டியில் நனைக்காதீர்கள்.

உழவர்கள் பூச்சிமருந்து தெளித்த நாளில் தொட்டியைத் தொடுதல் ஆகாது. ஒருதுளி மருந்து தொட்டி முழுவதையும் அழிக்கவல்லது. மருந்தடித்த வயலின் கீரையையோ வாய்க்கால் நீரையோ பயன்படுத்தாதீர்கள். குளத்திலிருந்து கொணரும் நீர்ச்செடியில் அட்டையும் தும்பியின் இளம்புழுவும் இருக்கக்கூடும். இளஞ்சிவப்பாகக் கரைத்த பெர்மாங்கனேட் நீரில் சில நிமிடம் வைத்து, நன்கு அலசிய பின்னரே இடுக.

9. மின்சாரம் நின்றால்

நம் பகுதி புயலுக்குப் புதிதன்று. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் பெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்து பெருமழை பொழிந்தது. இத்தகைய காலத்தில் மின்சாரம் நெடுநேரம் இராது. வெப்பமான நீர் பிராணவாயுவைக் குறைவாகவே கொள்ளும். 20 பாகையில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையுமிடத்து, 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே கரையும்.

ஆகவே மின்சாரம் நின்றவுடன் இரையிடுவதை நிறுத்துக. மணிக்கொருமுறை தொட்டி நீரைச் செம்பினால் முகந்து அரையடி உயரத்திலிருந்து பலமுறை மெல்ல ஊற்றுக, காற்று கலக்கும். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் சிறிதளவு நீரை மாற்றுக. மின்சாரம் வந்ததும் வடிகட்டியை உடனே இயக்கலாகாது. ஓடாமல் நின்ற வடிகட்டிக்குள் நுண்ணுயிர்கள் மூச்சின்றி இறந்து நீர் கெட்டிருக்கும். பஞ்சைத் தொட்டி நீரில் அலசிய பின்னரே இயக்குக.

10. பொது நீர்நிலையில் விடலாகாது

வளர்க்க இயலாதபோது மீனை ஏரியிலோ சுண்ணாம்பாற்றிலோ விட்டுவிடுவது புண்ணியம் என்று சிலர் கருதுகின்றனர். கண்ணாடியைத் துப்புரவு செய்யும் என்று வாங்கி, ஓரடிக்கு மேல் வளர்ந்ததும் கைவிடப்பட்ட உறிஞ்சுமீன் தமிழகத்து ஏரிகள் பலவற்றில் பெருகி, மீனவரின் வலையைக் கிழித்துப் பிற மீன்களின் இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. வேண்டாத மீனை விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள். அல்லது வளர்க்கும் வேறொருவரிடம் சேருங்கள்.

11. இதனைத் தொழிலாகக் கொள்ளலாமா?

சென்னையை அடுத்த கொளத்தூரில் பல குடும்பங்கள் வண்ணமீன் வளர்ப்பால் வாழ்கின்றன. 2020-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா என்னும் மீன்வளத் திட்டத்திலும் வண்ணமீன் வளர்ப்புக்கு இடமுண்டு. எனினும், கடன் விண்ணப்பம் எழுதுமுன் ஒரு தொட்டியை ஆறு மாதம் ஓர் உயிரும் இழக்காமல் வைத்துக் காட்டுங்கள். 45 லிட்டரைக் காக்க அறியாதவர்க்கு 4,500 லிட்டர் பெருநட்டமாகவே முடியும்.

12. முடிவுரை

படிப்பகத் தொட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூன்றாம் முறை இரண்டு கப்பிகளோடு தொடங்கினோம். இரை டப்பா பூட்டிய அலமாரிக்குள் சென்றது. வாரத்திற்கு ஆறு பொட்டலம் கட்டி, வாரம் ஒருவர் என முறை வைத்தோம். சிறுவர்களும் அம்முறையில் இடம்பெற்றனர். தொட்டியின் அருகே ஓர் ஏடு தொங்கவிடப்பட்டது. இரையிட்டவர் நாளும் நேரமும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். நீர் மாற்றிய நாளும் அதில் பதியப்படும். கையொப்பம் இருந்தால் பிறர் இடமாட்டார்கள். அவ்வேட்டில் மிக ஒழுங்காக எழுதியவள் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி. முதல் முறை மீன்கள் இறந்தபோது, தான் போட்ட இரையாலா அவை செத்தன என்று கேட்டு அழுதவளும் அவளே. அன்று எங்களிடம் விடையில்லை. இன்று அவள் மற்றச் சிறுவர்களுக்கு விடை கூறுகிறாள்.

எல்லோர்க்கும் உரிய பொருளை எல்லோரும் நேசித்தால் மட்டும் போதாது. இன்று யார் முறை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கூட்டுறவில் பழகிய நமக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. இரண்டரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் இரண்டு அங்குலம் வளரும் மீன்கள் எத்தனை வைக்கலாம்?

2. தெளிந்த நீரிலும் மீன் இறப்பதற்குக் காரணம் யாது?

3. வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவலாகாது என்பது ஏன்?

4. உங்கள் ஊரில் பொதுவில் வைத்துள்ள தொட்டி, கிணறு, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றுள் பொறுப்பு எழுத்தில் வரையறுக்கப்படாதது எது? அதற்கு எவ்வகை ஏடு பொருந்தும்?